குளத்துக்கரையில் ஒன்பது மாதம்

அம்மா போன பிறகும் ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துகொண்டிருந்தது. அப்புறம் மூன்று மணிக்கு. அப்புறம் ஐந்து மணிக்கு. படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து மூன்று வருஷம் அதைச் செய்தேன். நான் கணக்கு டீச்சர். ஒரு நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன்: 11 மணி இடது பக்கம், 1 மணி மல்லாக்க, 3 மணி வலது பக்கம், 5 மணி மறுபடி இடது. அலாரம் வைத்ததெல்லாம் முதல் இரண்டு மாசம்தான். அதற்குப் பிறகு உடம்பே எழுப்பிவிடும்.

தை மாசம் அம்மா இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். அன்றைக்கு ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, விளக்குக்கூடப் போடாமல் அந்த அறைக்குப் போய், அம்மாவின் தோளுக்கு அடியில் கையைக் கொடுக்கக் குனிந்தேன். கையில் கட்டில் பலகை தட்டியது. படுக்கைப் புண் வராமல் இருக்கப் போட்டிருந்த காற்று மெத்தையை, ஏர் பெட்டை, முந்தின வாரமே கழற்றி, தேவைப்பட்ட இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அந்த ஏர் பெட்டின் மோட்டார் மூன்று வருஷம் ராப்பகலாக முனகிக்கொண்டே இருந்தது. அந்த முனகல் இல்லாத வீட்டில், விடியும் வரை தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் புளியரை. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற சாலையில், தமிழ்நாட்டுப் பக்கம் கடைசி ஊர். சோதனைச் சாவடியைத் தாண்டி எஸ் வளைவில் ஏறினால் கோட்டைவாசல். அதற்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, கேரளம். செங்கோட்டை வட்டாரமே 1956 நவம்பர் 1 வரைக்கும் மலையாளச் சீமையோடுதான் இருந்தது. அதனால் இங்கே வீட்டுக்கு ஒரு பாட்டியோ சித்தியோ மலை தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்தவர்களாக இருப்பார்கள். என் அம்மா ஆரியங்காவுக்குப் பக்கத்தில் இடப்பாளையத்தில் பிறந்தவள். பழைய மீட்டர் கேஜ் ரயிலில் கல்யாணப் பெண்ணாக இறங்கி வந்து, அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் வீட்டில் தமிழ்தான் பேசினாள்.

பக்கவாதம் வந்த பிறகு அவளுடைய தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. சின்ன வயசு மலையாளம் மேலே வந்தது. இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு மூளையில் பாதிப்பு வந்தால் இப்படி ஒரு மொழி முந்திக்கொள்வது உண்டு என்று டாக்டர் சொன்னார். என்னை "மோளே" என்று கூப்பிட்டாள். தாகம் எடுத்தால் "வெள்ளம், வெள்ளம்" என்பாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். பார்க்க வந்த ஒரு சித்திக்கு அது புரியாமல், "எங்க வெள்ளம் வந்துச்சு?" என்று கேட்டாள். கடைசி வாரத்தில் அம்மா வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். ஸ்பூனில் கொடுத்தால் விழுங்க முடியவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்காரர் சவூதியில். மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில். அம்மாவைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூட வேலையையும் விட்டிருந்தேன். ஆக, அம்மா போனதும் எனக்கு ஒரு நாளில் செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. சோறு இறங்கவில்லை. குளிக்காமல் இரண்டு நாள் மூன்று நாள் இருந்திருக்கிறேன். முதலில் போன இடத்தில் இரண்டு நிமிஷத்தில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதைப் போட்டால் ராத்திரி தூக்கமும் பகலெல்லாம் மந்தமும்.

கொல்லத்தில் இருக்கும் அண்ணன்தான் வந்து வேறொரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனான். அந்த டாக்டரம்மா முக்கால் மணி நேரம் என்னைப் பேச விட்டார். துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு, எனக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது என்று விளக்கினார். வேறு மாத்திரை கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார்: "காலையில வெளிச்சம் வந்ததும் வெளியே போய் அரை மணி நேரம் இருங்க. ஜன்னல் கிட்ட இல்ல, வானத்துக்குக் கீழ. தினமும் ஒரே நேரத்துல." கண் வழியாகப் போகிற காலை வெளிச்சம்தான் மூளைக்குள் இருக்கிற கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறதாம். மேகம் மூடிய நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம் என்றார்.

வானத்துக்குக் கீழே உட்கார ஓர் இடம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது ஊர்க் குளத்தின் மடைதான். அப்பா இருந்த காலத்தில், எங்கள் அறுபது சென்ட் வயலுக்குத் தண்ணீர் திருப்ப அங்கேதான் போவார். மடைக்குப் பக்கத்தில் ஒரு மருத மரம். அதன் அடியில் ஒரு கல். மாசி கடைசியில் ஒரு காலையில் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தேன்.

முதல் பத்து நாளும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் இந்தப் பத்து நாளுக்குள் விட்டுவிடுகிறார்கள். அழகும் கண்ணில் படவில்லை, அமைதியும் வரவில்லை. கல்லில் உட்கார்ந்து அழுதேன், அரை மணி நேரம் ஆனதும் எழுந்து வந்தேன், அவ்வளவுதான். குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சுகிற பாட்டையா ஒருத்தர் உண்டு. எழுபத்தைந்து வயசு தாண்டியவர். தோளில் மம்பட்டியோடு வந்து, என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மடையைத் திறந்துவிட்டுப் போவார். ஒரு நாள் நான் சங்கடப்பட்டு எழுந்தபோது, "இருங்க தாயி. நான் பாட்டுக்கு என் வேலயப் பாக்கேன்" என்றார். ஏன் அழுகிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, அவர் ஒரு வேலை சொன்னார். மடைக்குள் இறங்குகிற கல்படிகள் பதினொன்று. "கண்ணு செத்த மங்கலாயிட்டு டீச்சர். எத்தன படி வெளிய தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க." எண்ணிப் பார்த்து, நாலு என்றேன். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாள், கேட்பார் என்று தெரிந்து, போனதுமே எண்ணினேன். நாலரை. எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றி வீட்டில் நோட்டைத் தேடினால், கையில் கிடைத்தது அம்மாவைப் புரட்டிய கணக்கு நோட்டு. பின்பக்கத் தாள்கள் வெறுமையாக இருந்தன. அதைத் தூக்கிப் போடவும் மனசில்லை, பெட்டியில் பூட்டி வைக்கவும் மனசில்லை. பின்னாலிருந்து திருப்பி, புதுசாகக் கட்டம் போட்டேன்: தேதி, படி, காற்று, பறவை.

என்னை மீட்டது அந்தக் கட்டம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மனசு உடைந்து கிடக்கிறவரிடம் போய் "இயற்கையை ரசியுங்கள்" என்றால் அவர் என்ன செய்வார்? ரசிக்கிற சக்திதானே போய்விட்டது. ஆனால் எண்ண முடியும். எத்தனை படி, எத்தனை கொக்கு, காற்று மலையிலிருந்து வருகிறதா கிழக்கிலிருந்து வருகிறதா என்று பார்த்து எழுத முடியும். எண்ணுவதற்காகக் கண்ணைத் திறந்து பார்த்தால், ரசனை அதன் போக்கில் மெல்லப் பின்னாலேயே வந்துவிடுகிறது.

பறவை என்ற கட்டத்தில் முதல் வாரம் "கொக்கு" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அதே இடத்தில் தினமும் உட்கார்ந்ததால் கொக்கு பலவாகப் பிரிந்தது. வயலில் மாட்டுக்குப் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு. கரையோரம் மண்ணோடு மண்ணாக அசையாமல் நின்று, பறக்கும்போது மட்டும் வெள்ளைச் சிறகு காட்டுவது மடையான். பெரிதாக, அழுக்கு வெள்ளையில், அலகை முழுசாக மூட முடியாமல் நடுவில் சந்து தெரிகிற மாதிரி இருப்பது நத்தைக்குத்தி நாரை. அந்த அலகு நத்தையைப் பிடிக்க வாகானது. தண்ணீரில் முங்கினால் எங்கோ தள்ளி எழுகிற முக்குளிப்பான். தாமரை இலைமேல் நடக்கிற இலைக்கோழி. பாதிப் பெயர்களை பாட்டையா சொன்னார். மீதியை மகள் வாங்கித் தந்த பறவைப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். பெயர் தெரிந்த பறவை மறுநாள் வராவிட்டால் ஒரு தவிப்பு வரும். அம்மாவைத் தவிர வேறொன்றுக்காக நான் தவித்தது பல மாசத்துக்குப் பிறகு அப்போதுதான்.

சித்திரையில் பதினொரு படியும் வெளியே வந்துவிட்டது. குளத்தின் நடுவில் ஒரு திட்டுத் தண்ணீர் மட்டும். காய்ந்து வெடித்த தரையில் ஓர் ஆள்காட்டி எப்போது பார்த்தாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. சிவப்பு மூக்கு ஆள்காட்டி: கறுத்த மார்பு, வெள்ளை வயிறு, நீளமான மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை. ராத்திரி ஆள் நடமாட்டம் தெரிந்தால் கத்தி ஊரையே எழுப்புமே, அதேதான். அதை நோக்கி நாலு எட்டு வைத்ததும் எழுந்து, சிறகு ஒடிந்தது போல் இழுத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடியது. "அங்ஙன போகாதிய டீச்சர், முட்ட கெடக்கு" என்றார் பாட்டையா. கூடு என்று ஒன்றும் கட்டியிருக்கவில்லை. தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் கூழாங்கல். கல்லோடு கல்லாக, மண்நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட நாலு முட்டை. காட்டிக் கொடுத்தால்தான் கண்ணுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு கல்லை விட்டு நான் நகரவில்லை. அண்ணன் கொடுத்த சின்ன பைனாகுலரில் பார்ப்பேன். காலை அரை மணி நேரம் போதாமல் சில நாள் பத்து மணி வரைகூட இருந்தேன். வெயில் ஏறும்போதுதான் அதைக் கண்டேன். முட்டைமேல் உட்கார்ந்திருந்த பறவை எழுந்து, அந்தத் திட்டுத் தண்ணீருக்குப் போய், குனிந்து வயிற்றை நனைத்தது. இரண்டு மூன்று தடவை உடம்பை ஆட்டி வயிற்று இறகெல்லாம் ஊற வைத்தது. திரும்பி வந்து, சொட்டுகிற ஈரத்தோடு முட்டைமேல் மெல்ல உட்கார்ந்தது. வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்க இப்படிச் செய்யுமாம். நான் பைனாகுலரை இறக்கிவிட்டேன். கையில் பஞ்சு இருக்கிற மாதிரியே இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். அதற்குத்தான் எனக்கு நாளானது. ஒரு பறவை என்று நினைத்திருந்தேன், இரண்டு. ஒன்று வரும், மற்றது எழும். எழுந்தது இரை மேயப் போகும், தண்ணீருக்குப் போகும், கொஞ்ச நேரம் சும்மா நின்று சிறகைக் கோதும். பிறகு திரும்பி வந்து முறை மாற்றிக்கொள்ளும். நோட்டில் எழுதினேன்: 7.10க்கு மாற்றம், 8.05க்கு மாற்றம். எழுதிவிட்டு அதே நோட்டின் முன்பக்கத்தைத் திருப்பினேன். 11, 1, 3, 5. மூன்று வருஷம். எல்லாக் கட்டத்திலும் என் ஒருத்தி கையெழுத்து.

உதவிக்கு ஆள் இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. நான் கேட்கவில்லை. அம்மாவை என்னைவிட நன்றாக யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பினேன். மலைக்கு அந்தப் பக்கம் என் பெரியம்மா படுத்திருந்தபோது, பஞ்சாயத்து மூலமாக பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது தீராத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கிற நர்ஸ், வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டுப் போனார். கேரளத்தில் வீடு தேடி வரும் இந்தப் பராமரிப்பு வேரூன்றி நாளாகிறது. 2008இலேயே அதற்கென்று அரசுக் கொள்கை வகுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பாலியேட்டிவ் பராமரிப்பும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் நான் போகவில்லை. நீங்கள் இப்போது வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே ஒரு கட்டத்தையாவது இன்னொருவருக்குக் கொடுங்கள். ராத்திரி ஒரு மணி முறையை அண்ணனோ மகனோ வீட்டுக்காரரோ பார்க்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் தூங்குங்கள், அல்லது வாசலில் போய் நில்லுங்கள். முட்டையைவிட்டு எழுந்து போகிற ஆள்காட்டிக்குப் பாசம் குறைச்சல் என்று யாராவது சொல்வார்களா?

வைகாசி முதல் வாரம் ஒரு காலை, குழி காலியாகக் கிடந்தது. நாய் தின்றதோ நரி தின்றதோ என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. பாட்டையாவிடம் ஓடினேன். அவர் நிதானமாக வெற்றிலையை மென்றுகொண்டே, "பொரிச்சிருக்கும். அது பொரிச்ச அன்னைக்கே எறங்கி நடந்துரும்லா. பைய இருந்து பாருங்க" என்றார். ஒரு மணி நேரம் ஆயிற்று. தாய்ப்பறவை ஒரு குரல் கொடுத்ததும், மண்ணாங்கட்டி என்று நான் நினைத்திருந்த ஒன்று எழுந்து நடந்தது. பிறகு இன்னொன்று. தீக்குச்சி மாதிரிக் கால். கடைசி வரைக்கும் மூன்றைத்தான் எண்ண முடிந்தது. நோட்டில் மூன்று என்று எழுதினேன். அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு விழிப்பு வரவில்லை. மூன்று மணிக்குத்தான் வந்தது.

அந்தக் கோடையில் ஒரு செய்தி படித்தேன். ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. படித்துவிட்டு எழுந்து அம்மாவின் அறைக்குப் போனேன். கட்டில் கிடந்த கிடையில், அவள் தலைமாட்டில் ஜன்னல். கண்ணுக்கு நேரே சுவர், சுவரில் காலண்டர். பிளக் பாயின்ட் அந்த மூலையில் இருந்ததால், ஏர் பெட் மோட்டாருக்கு வாகாக அப்படிப் போட்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே அவளே வைத்த பலா மரம். மூன்று வருஷம் அந்த மரம் அவள் தலைக்குப் பின்னால் காய்த்துக்கொண்டிருந்தது. ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கியிருந்தால் போதும்.

இதை நினைத்து நான் பல நாள் அழுதிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால் முதலில் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். மரம் இல்லையென்றால் வானம் தெரியட்டும். வானமும் தெரியாத வீடென்றால், படுத்திருப்பவர் கண்மட்டத்தில் ஒரு தொட்டிச் செடி வையுங்கள்.

ஆனி பிறந்ததும் சாரல் வந்தது. ஆரியங்காவுக் கணவாய் இருக்கிற இடத்தில் மலை தாழ்ந்திருப்பதால், அந்தப் பக்கம் பெய்கிற தென்மேற்குப் பருவமழையின் மேகமும் காற்றும் அதன் வழியாக இந்தப் பக்கம் கசிந்து வரும். வெயில் அடிக்கும்போதே முகத்தில் பொடிப்பொடியாகத் தூறும். அப்பா போன பிறகு எங்கள் வயலைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். அந்தக் கார் நெல் பட்டத்துக்கு நானும் நடவுக்கு இறங்கினேன். தொளி அடித்த வயலில் முதல் காலை வைத்ததும் முழங்கால் வரை குளிர்ந்த சேறு ஏறியது. கூட நட்ட அக்கா ஒருத்தி நாற்றை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தாள்: இரண்டு விரலும் கட்டைவிரலும் சேர்த்து, வேரைத் தள்ளி, ஆழம் போகாமல். நட்டு முடித்த அன்று முதுகு விண்விண்ணென்று வலித்தது. ஆனால் மூன்று வருஷமாக வலித்த இடம் அது இல்லை. அம்மாவைத் தூக்கித் தூக்கி வலித்தது இடுப்பு, இது நடுமுதுகு. அன்றைக்குச் சூடாக ரசம் விட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். இரண்டு தட்டு என்பதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஆடியில் உறவினர்கள் என்னைத் தேற்றுவதற்காகக் குற்றாலம் கூட்டிப் போனார்கள். அவர்கள் மேல் எனக்கு நன்றி உண்டு. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேரருவியில் கூட்டம், வரிசை, விசில் சத்தம், ஈரத் துணியோடு நிற்கிற நெருக்கடி. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மனசு நொந்திருக்கும்போது புது இடம், பெரிய இடம், கூட்டமான இடம் எல்லாம் ஒரு பாரம். அடுத்த வருஷம் போங்கள், அருவி எங்கே போய்விடப் போகிறது. முதல் வருஷத்துக்கு வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் நடந்து போகிற ஓர் இடம் போதும். குளம் வேண்டும் என்றில்லை. ஒரு வேப்பமரம், ஒரு மொட்டை மாடி, ரயிலடிப் பக்கத்து அரசமரம், எதுவாகவும் இருக்கலாம். இடத்தை மாற்றாதீர்கள், நேரத்தை மாற்றாதீர்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிஷமாவது பசுமையான இடங்களில் இருப்பவர்கள் உடல்நலத்தையும் மனநலத்தையும் பற்றி நன்றாகச் சொன்னதாக வந்திருக்கிறது. ஒரே தடவையாகப் போனாலும் பிரித்துப் போனாலும் பலன் ஒன்றுதானாம். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் அந்த ஆய்வு காட்டுகிறது, இதனால்தான் அது என்று அடித்துச் சொல்லவில்லை. கணக்கு டீச்சராக அதையும் சொல்லிவிட வேண்டும். ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்குப் பதினேழு நிமிஷம் சொச்சம். நான் பிரித்துப் போகச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்காத மனசுகள் இருக்கின்றன.

ஜாக்கிரதை பற்றிக் கொஞ்சம். எங்கள் பக்கம் மேக்கரை, வடகரை மலையடிவாரத்தில் யானை இறங்கும், காட்டுப்பன்றி இறங்கும். இருட்டோடு தனியாக மலைப்பக்கம் போகவே கூடாது. ஐந்து மணிக்கு விழித்தாலும் நான் ஆறு மணி வெளிச்சம் வரும் வரை வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். வரப்பில் விரியன் கிடக்கும். காலில் ஷூ, கையில் ஒரு கம்பு, மங்கலாக இருந்தால் டார்ச். போகிற இடத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். போனைக் கையில் வைத்திருங்கள், ஆனால் பையை விட்டு எடுக்காதீர்கள். நான் படம்கூட எடுக்கவில்லை. எடுத்தால் யாருக்காவது அனுப்பத் தோன்றும், அனுப்பினால் பதிலுக்காகக் காத்திருக்கத் தோன்றும்.

மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். குளத்துக்கரை மருந்துக்குத் துணை, மருந்துக்கு மாற்று இல்லை. ஆவணியில் மறுபடி ஒரு பத்து நாள் மோசமாக இருந்தது. அம்மா பிறந்த நாள் அந்த வாரத்தில் வந்தது. கல்லில் உட்கார்ந்திருந்தபோது, இந்தத் தண்ணீரில் இறங்கி நடந்தால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. அன்றைக்கே அண்ணனிடமும் மருத்துவரிடமும் சொன்னேன். மருந்தின் அளவை மாற்றினார். ஒரு வாரம் அண்ணி வந்து கூட இருந்தாள். காலையில் அவளும் கூடவே குளத்துக்கு வந்து, கல்லில் பாதி இடத்தில் உட்கார்ந்தாள். உங்களுக்கு அப்படி ஒரு நினைப்பு வந்தால் தனியாக எங்கேயும் போகாதீர்கள், குளத்துக்கும்தான். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 14416க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

புரட்டாசியில் கார் அறுப்பு. நான் நட்ட வரிசை நெல்லில் ஒரு மரக்கால் தனியாக அளந்து கொடுத்தார்கள். அதில் பொங்கி அம்மா படத்துக்குப் படைத்தேன். அதே மாசம் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேருக்குச் சாயங்காலம் டியூஷன் தொடங்கினேன். ராத்திரி விழிப்பு இப்போது ஐந்து மணிக்கு மட்டும்தான். அதை நான் வைத்துக்கொண்டேன். கொல்லம் ரயில் மலை ஏறும் சத்தம் சில நாள் அந்த நேரத்தில் காற்றில் வரும். 2010இல் மீட்டர் கேஜ் நின்று 2018இல் அகலப்பாதையில் திரும்ப ஓடத் தொடங்கியபோது, அம்மா வாசலுக்கு வந்து நின்று காது கொடுத்துக் கேட்டது ஞாபகம் வரும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. படி ஏழு, ஐந்து, மூன்று. கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை கொஞ்சம் வெறித்ததும் குடையை எடுத்துக்கொண்டு போனேன். கரைக்குப் போவதற்கு முன்பே இரைச்சல் கேட்டது. பாட்டையா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கரைமேல் நின்றார். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையைத் தூக்கிக் கத்தினார்.

"டீச்சர், வெள்ளம்! மறுகால் பாயுது!"

என் கல்லைக் காணோம், தண்ணீர் மருத மரத்தின் வேர்வரை ஏறியிருந்தது. செம்மண் கலந்த தண்ணீர், குளம் நிறைந்தால் வழிகிற கலிங்கை நுரையோடு தாண்டி விழுந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி முட்டையிட்ட இடம் எது என்று தேடினேன். நாலு ஆள் ஆழத்தில் எங்கேயோ இருந்தது. கரையோரம் குனிந்து, பாட்டையா என் முந்தானையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு கையாலும் அள்ளினேன். சில்லென்று இருந்தது. விரலிடுக்கில் ஒழுகி முடிகிற வரை கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிவிட்டு நோட்டை எடுத்தேன். படி என்ற கட்டத்தில் சுழி போட்டேன். காற்று, கிழக்கு. பறவை, ஒன்றும் தெரியவில்லை. கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் இடம் இருந்தது. அதில் எழுதினேன்: வெள்ளம்.